முள்ளுக்கீரை: பூவைப் பிரித்தால் பெயர் தெரியும்

வரப்பிலும் வேலியோரத்திலும் முளைக்கும் முள்ளுக்கீரையையும் அதன் சொந்தக்காரக் கீரைகளையும் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: முள்ளுக்கீரையை எந்தக் குடும்பத்தில் வைப்பது? எங்கள் பாடப்புத்தகத்தில் மோனோகிளாமிடியே என்று இருக்கிறது. புதிய நூல்களில் கேரியோஃபில்லேல்ஸ் என்கிறார்கள். செடியின் விவரிப்பும் தேவை. (கல்லூரி மாணவி, திருச்சி)

குடும்பத்தில் சண்டை இல்லை. இரண்டு முறையிலும் அமராந்தேசிதான். மாறுவது அதற்கு மேலே உள்ள படிகள்.

உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளது பழைய பெந்தம்–ஹூக்கர் முறை. அதில் அல்லிவட்டம், புல்லிவட்டம் என்று பிரியாமல் ஒரே அடுக்கு இதழ் உள்ளவை மோனோகிளாமிடியே. அதற்குள் கரு வளைந்திருக்கும் கூட்டம் கர்வெம்பிரியே. பெயரே விளக்கம். முற்றிய விதை ஒன்றை இரவு முழுக்க ஊறவைத்து, பிளேடால் தட்டையாக இரண்டாகப் பிளந்து லென்ஸில் பாருங்கள். நடுவில் வெள்ளை மாவு, அதைச் சுற்றி மோதிரம் போலக் கரு. அந்த மாவு கருவூண் (எண்டோஸ்பெர்ம்) அல்ல, பெரிஸ்பெர்ம், அதாவது சூலின் திசுவிலிருந்து வரும் உணவுச் சேமிப்பு. வாய்மொழித் தேர்வில் பலர் கோட்டை விடும் இடம் இது.

மரபணு உறவை வைத்துப் பிரிக்கும் புதிய ஏபிஜி முறையில் துறை கேரியோஃபில்லேல்ஸ், குடும்பம் அமராந்தேசி, பேரினம் அமராந்தஸ், சிற்றினம் அமராந்தஸ் ஸ்பைனோசஸ். பெயர் வைத்தவர் லின்னேயஸ், ஆண்டு 1753. பேரினத்துக்குள் சுமார் 70 சிற்றினங்கள். பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. 1998-ல் ஏபிஜி பழைய கீனோபோடியேசி குடும்பத்தையும் அமராந்தேசிக்குள் சேர்த்ததால் பீட்ரூட்டும் பாலக்கும் முள்ளுக்கீரைக்குப் பங்காளிகளாகிவிட்டன. இதை ஏற்காமல் இரண்டையும் தனித்தனியாக வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேர்வில் எந்த முறை என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இரண்டையும் கலந்தால்தான் மதிப்பெண் போகும்.

விவரிப்பு கேட்டிருந்தீர்கள். ஒருபருவச் செடி, நேராக வளரும், 30 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை, உரமிட்ட மண்ணில் அதற்கு மேலும். தண்டு வரிவரியாக, பச்சை அல்லது செம்மை, பெரும்பாலும் மழமழப்பு. இலைகள் மாற்றடுக்கு; முட்டை வடிவிலிருந்து சாய்சதுர வடிவம் வரை; 3 முதல் 10 செ.மீ. நீளம். இலைக்காம்பு ஏறக்குறைய இலைப்பரப்பு அளவுக்கே நீளும். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முட்கள், பொதுவாக 5 முதல் 15 மி.மீ. கீழ்க்கணுக்களில் உருண்டைப் பூக்கொத்துகள், நுனியில் நீண்ட கதிர். பூவிதழ் 5, மகரந்தத்தாள் 5, சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) பெரும்பாலும் 3. கனி யூட்ரிக்கிள், அதாவது மெல்லிய தோல் கொண்ட சிறு உலர்கனி, ஒரே விதை. விதை கருப்பு, பளபளப்பு, இருபுறமும் புடைத்த வில்லை வடிவம், 1 மி.மீ.க்குள்.

கேள்வி: முள் இல்லாத இளஞ்செடியாக இருக்கும்போது முள்ளுக்கீரை, குப்பைக்கீரை, விதைத்த தண்டுக்கீரை மூன்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன. இலையை வைத்துக் கண்டுபிடிக்க வழி உண்டா? (மூலிகைத் தோட்டப் பராமரிப்பாளர், திண்டுக்கல்)

இலையை வைத்து என்றால், நம்பகமாக இல்லை. இந்தப் பேரினத்தில் இலை ஏமாற்றும். ஒரே செடியில் கீழ் இலை அகலமாகவும் மேல் இலை ஈட்டி போலவும் இருக்கும். நிழலில் வளர்ந்தால் வேறு முகம், எருக்குழியில் வளர்ந்தால் வேறு முகம். நுனியில் சிறு வெட்டு இருந்தால் குப்பைக்கீரை என்று சொல்வார்கள். அந்த வெட்டு மற்றவற்றின் இளம் இலைகளிலும் வரும்.

பூக்கும் வரை பொறுத்திருந்து பூவைப் பிரிப்பதுதான் வழி. 10 மடங்கு பெருக்கும் கை லென்ஸ், இரண்டு தையல் ஊசி, வெள்ளைத் தட்டு, சொட்டு நீர் போதும்.

கீழ் இலைக்கோணத்திலிருந்து முற்றத் தொடங்கிய பூக்கொத்தாக எடுங்கள். நுனிக்கதிரை எடுக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. கொத்தைத் தட்டில் வைத்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உலர்ந்த மாதிரியானால் வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டால் மறுபடி விரியும். ஊசியால் ஒரே ஒரு பூவைத் தனியே தள்ளுங்கள். அது பெண் பூவாக இருக்க வேண்டும். உச்சியில் இரண்டு மூன்று நூல்போலச் சூலகமுடி நீட்டிக்கொண்டிருந்தால் பெண்.

இப்போது இதழை எண்ணுங்கள். எண்ணும்போது நடக்கும் பெரிய தவறு, பூவுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பூவடிச் செதிலையும் சேர்த்து எண்ணிவிடுவது. செதில் வெளியே, கீழே, கூர்மையாக இருக்கும். இதழ்கள் கனியைக் கட்டிப்பிடித்தாற்போல இருக்கும். மூன்று இதழ் என்றால் முள்ளுக்கீரை இல்லை. அங்கேயே பாதிக் கதை முடிந்தது.

அடுத்தது கனி. முற்றிய கனி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மெல்ல உருட்டுங்கள். முள்ளுக்கீரையில் கனியின் நடுவில், சற்றே கீழாக, ஒரு வட்டக்கோடு ஓடும். அந்தக் கோட்டில் மேல்பாதி சட்டி மூடி கழல்வது போலக் கழன்று, கருவிதை உருண்டு விழும். குப்பைக்கீரையில், அதாவது அமராந்தஸ் விரிடிஸில், மூடி கிடையாது. கனியின் மேல்பரப்பு உலர்ந்த திராட்சை போலச் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். விதையோடு சேர்ந்தே விழும். அதன் இதழ் 3, மகரந்தத்தாள் 3.

மூன்று இதழ், மூடியில்லாத கனி, ஆனால் சுருக்கம் இல்லாமல் வழவழப்பு. செடியும் தரையோடு படர்ந்து எழுகிறது, இலை நுனியில் ஆழமான பிளவு என்றால் அது அமராந்தஸ் பிளிட்டம். குப்பைக்கீரை என்று தவறாகப் பெயர் எழுதப்படுவதில் இதற்குத் தனிப் பங்கு உண்டு.

மூன்று இதழ், ஆனால் மூடி கழல்கிறது, இதழ் நுனியில் ஊசிபோல நீட்சி, பூக்கொத்து இலைக்கோணங்களில் உருண்டை உருண்டையாக: அமராந்தஸ் டிரைகலர். கீரைக்கட்டாக விற்கும் தண்டுக்கீரை, முளைக்கீரைகளில் பல இதில் அடக்கம்.

ஐந்து இதழ், மூடி கழல்கிறது, முள் மட்டும் இல்லை என்றால் அமராந்தஸ் டூபியஸாக இருக்க வாய்ப்பு அதிகம். முள்ளுக்கீரைக்கு இதுதான் நெருங்கிய ஜாடை. ஜாடைக்குக் காரணமும் இருக்கிறது: முள்ளுக்கீரையும் முள்ளில்லாத வேறோர் அமராந்தஸும் கலந்து உண்டான கலப்பினம் டூபியஸ் என்பது பரவலான கருத்து. முள்ளுக்கீரையின் குரோமோசோம் எண் 34, டூபியஸுக்கு 64.

இளஞ்செடியிலேயே தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரு குறுக்குவழி: ஏழெட்டு இலை வந்த பிறகு இலைக்கோணத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் படுமுன் மென்மையான இரட்டை ஊசி விரலுக்குத் தட்டுப்படும்.

கேள்வி: அந்த முள், இலையடிச் செதிலின் மாற்றமா, கிளையின் மாற்றமா? (ஆசிரியர், யாழ்ப்பாணம்)

இரண்டுமில்லை. அமராந்தேசி குடும்பத்துக்கு இலையடிச் செதிலே கிடையாது. இல்லாதது முள்ளாக மாற முடியாது. பூக்கொத்தின் அடியில் வரவேண்டிய பூவடிச் செதில்கள்தான் இங்கே முள்ளாகியிருக்கின்றன. இலையடிச் செதில் முள்ளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் கருவேலத்தையோ இலந்தையையோ காட்டுங்கள்.

கேள்வி: ஆண் செடி, பெண் செடி என்று உண்டா? (வாசகர், கும்பகோணம்)

முள்ளுக்கீரையில் இல்லை, ஓரில்லத் தாவரம். ஆனால் ஒரே செடியில் இடம் பிரித்துக்கொண்டிருக்கும். கீழே இலைக்கோணக் கொத்துகளில் பெரும்பாலும் பெண் பூ. நுனிக்கதிரின் மேல்பகுதியில் பெரும்பாலும் ஆண் பூ. நுனிக்கதிரை மட்டும் கிள்ளிக்கொண்டு வருகிறவருக்குக் கனி கிடைக்காது, கனி இல்லாமல் பெயரும் கிடைக்காது.

பேரினத்தில் ஆண் செடி, பெண் செடி தனித்தனியான ஈரில்லச் செடிகளும் உண்டு. அமெரிக்கப் பருத்தி வயல்களில் களைக்கொல்லிக்கு மசியாமல் பெயர் வாங்கிய அமராந்தஸ் பால்மேரி அப்படிப்பட்டது. மிசிசிப்பி மாநிலத்தில் அது முள்ளுக்கீரையோடு கலந்து, கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் பண்பு முள்ளுக்கீரைக்கும் ஏறியது பதிவாகியிருக்கிறது. மகரந்தம் காற்றில் போகும் செடிகள். வேலி போட்டுத் தடுக்க முடியாது.

கேள்வி: முள்ளுக்கீரையின் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்கிறார்கள். ஆனால் ஆயுர்வேதத்தில் அதன் பெயர் தண்டுலீயம் என்று உள்ளதே? சரக சம்ஹிதையிலேயே தண்டுலீயகம் வருகிறது. அப்போது அமெரிக்காவோடு தொடர்பே கிடையாதே! (சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை)

நல்ல கேள்வி. விடை எளிது: பெயருக்கு வயது வேறு, செடிக்கு வயது வேறு.

மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகு நம்முடையது, மிளகாய் போர்ச்சுகீசியர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்ததும் பழைய காரத்தின் பெயரையே ஒட்டிக்கொண்டது. கீரையிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ஆசியாவுக்கே உரிய அமராந்தஸ் உண்டு; டிரைகலர் அப்படிப்பட்டது. தண்டுலீயகம் என்ற பழைய பெயர் முதலில் அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒன்றைக் குறித்திருக்கும். பிறகு வந்த முள் செடி எங்கும் பரவி, எளிதாகக் கைக்குக் கிடைத்ததால் பெயர் இதன்மேல் ஏறியது. இன்றைய இந்திய ஆயுர்வேத மருந்துத் தொகுப்பு தண்டுலீயத்துக்கு அமராந்தஸ் ஸ்பைனோசஸ் என்று தாவரப்பெயர் தருவது இன்றைய பயன்பாட்டை நிர்ணயிக்கிறது. பழைய நூலாசிரியர் கண்ணால் கண்ட செடியை அது நிரூபிக்காது. ஒரு பழைய பாடலை ஆதாரமாகக் காட்டுவதானால், அதில் கீரையின் பெயர் மட்டும் வருகிறதா, முள்ளும் சொல்லப்படுகிறதா, அந்தப் பாடல் எந்தக் காலத்தது என்று மூன்றையும் பாருங்கள்.

குடியேறி நிலைத்த செடி என்று தாவரவியலில் சொல்வதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. யாரும் விதைக்காமல், நீர் ஊற்றாமல், தலைமுறை தலைமுறையாகத் தானே விதைபோட்டு நிற்க வேண்டும். பாத்தியிலிருந்து தப்பித்த தண்டுக்கீரை ஓரிரு வருடம் வரப்பில் தலைகாட்டிவிட்டு மறைந்துபோனால் அது குடியேற்றம் ஆகாது, விருந்து வந்த கணக்கு. முள்ளுக்கீரை அந்த அளவுகோலை எப்போதோ தாண்டிவிட்டது.

கேள்வி: சிறுகீரைக்கு ஒரு புத்தகம் அமராந்தஸ் பாலிகோனாய்டிஸ் என்கிறது. அரைக்கீரைக்கு ஒன்றில் டிரிஸ்டிஸ், ஒன்றில் டூபியஸ். எதை எழுதுவது? (நாற்றங்கால் நடத்துபவர், ஒட்டன்சத்திரம்)

பாலிகோனாய்டிஸை அடித்துவிடுங்கள். அந்தப் பெயருக்கு உரியது அமெரிக்க, கரீபியப் பகுதிச் செடி. அதில் பெண் பூவின் ஐந்து இதழ்களும் அடியில் ஒட்டியிருக்கும். நம் சந்தைச் சிறுகீரையைப் பிரித்தால் அப்படி வராது. பழைய நூலில் ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதி, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதி வந்த பிழை இது.

டிரிஸ்டிஸ் என்பது லின்னேயஸ் வைத்த பெயர்தான். இப்போது டிரைகலரின் மாற்றுப்பெயராகக் கொள்கிறார்கள். ஆகவே டிரிஸ்டிஸ் என்று எழுதிய நூல் தவறு செய்யவில்லை, பழைய பெயரில் நிற்கிறது. டூபியஸ் வேறு செடி. இரண்டு பெயரும் வருவதற்குக் காரணம், ஊருக்கு ஊர் அரைக்கீரை என்று விற்கும் விதையே வேறாக இருப்பதுதான். உங்கள் விதையில் பத்துச் செடியைப் பூக்க விட்டு எண்ணுங்கள்: மூன்று இதழானால் டிரைகலர், ஐந்தானால் டூபியஸ். விதைப் பையில் அதை எழுதுங்கள். பத்தில் இரண்டு மாறி வந்தால் விதை கலந்திருக்கிறது.

கேள்வி: சில முள்ளுக்கீரைச் செடிகள் முழுக்கச் சிவப்பாக இருக்கின்றன. தனி ரகமா? (வாசகர், காரைக்குடி)

வகைப்பாட்டில் நிறத்துக்கு மதிப்புக் குறைவு. ஒரே விதைக்கூட்டத்தில் பச்சையும் சிவப்பும் முளைக்கும். வெயில், சத்துக்குறைவு, நீர்த்தட்டுப்பாடு நிறத்தைக் கூட்டும்.

அந்தச் சிவப்பு எது என்பதுதான் சுவை. செம்பருத்தியிலும் கத்திரிக்காய்த் தோலிலும் உள்ள ஆந்தோசயனின் நிறமி அல்ல இது, பீட்டாலைன் என்ற நிறமி. பீட்ரூட், காகிதப்பூ, டிராகன் பழம் எல்லாவற்றிலும் இதே வகைதான், எல்லாம் கேரியோஃபில்லேல்ஸ் துறை. சமையலறையிலேயே சோதிக்கலாம். செம்பருத்திச் சாற்றில் சமையல் சோடா போட்டால் உடனே நீலமோ பச்சையோ அடிக்கும். சிவப்புக்கீரை ஊறிய நீரில் அதே அளவு சோடா போட்டால் அப்படி நீலப்பச்சையாக மாறாது. ஆனால் பீட்டாலைன் சூட்டைத் தாங்காது. நெடுநேரம் கொதித்த சிவப்புக்கீரை வெளிறிப்போவது அதனால்தான்.

கேள்வி: செடியைத் தாள்களுக்கிடையில் அழுத்தி உலர்தாவர மாதிரி செய்தால் செடி கருத்துவிடுகிறது, விதை கொட்டிவிடுகிறது, முள் தாளைக் குத்துகிறது. (முதுகலை மாணவர், கோவை)

மூன்றுக்கும் தனித்தனிக் காரணம். கருப்பதற்குக் காரணம் தண்டின் சாறு. தடித்த அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாதியை எடுத்துவிடுங்கள். முதல் மாற்றுத் தாளை 24 மணி நேரம் காத்திருந்து போடாதீர்கள். இந்தச் செடிக்கு ஆறேழு மணி நேரத்திலேயே மாற்ற வேண்டும், பிறகு ஒரு வாரம் தினமும். வெயிலில் காயவைத்த, சூடு ஆறாத செய்தித்தாளாக இருந்தால் பாதித் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் ஈரத்தாளோடு இறுக்கிக் கட்டிவிட்டால் மறுநாள் இலை கறுத்துக் கழன்று கையோடு வரும்.

விதை கொட்டுவது இந்தக் கனியின் இயல்பு, தடுக்க முடியாது. அழுத்துமுன்பே கனிந்த கொத்து ஒன்றைச் சிறு காகித உறையில் போட்டுத் தாளின் மூலையில் ஒட்டுங்கள். பிற்பாடு பெயரைச் சரிபார்ப்பவர் முதலில் திறப்பது அந்த உறையைத்தான். முள்ளுக்கு, மெல்லிய பஞ்சுத்தாளை இருபுறமும் வைத்தால் போதும்.

28 × 42 செ.மீ. தாளில் வேர், கீழ்க்கொத்து, நுனிக்கதிர் மூன்றும் தெரிய வேண்டும். செடி நீளமானால் வி வடிவில் மடியுங்கள். உயரம், தண்டின் நிறம், மண், இடம், தேதி லேபிளில் வரட்டும். உலர்ந்த பிறகு நிறமும் உயரமும் தெரியாது. பூச்சிக்கு மெர்குரிக் குளோரைடில் முக்கும் பழைய வழக்கம் வேண்டாம், அது கொடிய நஞ்சு. பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் தாளில் நீர் கோக்காது.

கேள்வி: இதைச் சமைக்கலாமா? மாட்டுக்குப் போடலாமா? (இல்லத்தரசி, தேனி)

சமைக்கலாம், முள் கெட்டிப்படுமுன். நுனித்தளிரைக் கிள்ளி, கணுவிலிருந்து இலையை மட்டும் உருவுங்கள். தண்டோடு அரிந்தால் முள் வாயில் படும். நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிடுவது நல்லது. கரையும் ஆக்சலேட்டும் நைட்ரேட்டும் அந்த நீரோடு போகும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாடிக்கையாகச் சாப்பிட வேண்டாம். சாக்கடை ஓரத்துச் செடியைத் தொடாதீர்கள்.

மாட்டு விஷயத்தில் கவனம் தேவை. அமராந்தஸ் மண்ணின் நைட்ரேட்டை உறிஞ்சித் தண்டில் சேர்த்துவைக்கும். யூரியா போட்ட வயல், எருக்குழி ஓரம், வறட்சிக்குப் பின் மழை பெய்து தளதளவென்று எழுந்த செடி, இவை ஆபத்து. மாட்டின் அசையூண் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் கலக்கும்; அந்த ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. மாடு மூச்சுத் திணறும், ஈறு நீலம் பாயும், ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். அதற்கு ஊசி மருந்து உண்டு, ஆனால் நேரம் மிகக் குறைவு. உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பசித்த மாட்டை இந்தச் செடி மண்டிய இடத்தில் அவிழ்த்துவிடாமல் இருப்பதே முதல் வேலை.

கேள்வி: எத்தனை முறை கொத்தினாலும் மறுபடி வருகிறது. (விவசாயி, பெரம்பலூர்)

எந்த உயரத்தில் வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். தரைக்கு மேலே இரண்டு கணு மிஞ்சினாலும் அந்தக் கோணங்களிலிருந்து கிளை அடித்து, தாழ்வாகப் படர்ந்து, முன்பைவிட அதிகமாகக் காய்க்கும். வேரின் கழுத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். மழை பெய்த மறுநாள் கையுறை போட்டுப் பிடுங்கினால் ஆணிவேரோடு வந்துவிடும்.

பூத்த பிறகு பிடுங்கியதை வரப்பில் போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே விதை முற்றும். நன்றாக வளர்ந்த ஒரு செடி ஒரு லட்சத்துக்கும் மேல் விதை போடக்கூடியது. அந்த விதை மாட்டின் வயிற்றைத் தாண்டியும் உயிரோடு வரும். ஆகவே மட்காத சாணி போட்டால் களையையும் சேர்த்தே விதைக்கிறீர்கள்.

சிறுவிதை என்பதால் அதற்கு மேல்மண்தான் வாழ்விடம். வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும், 4 செ.மீ.க்குக் கீழே புதைந்ததில் அநேகமாக எதுவும் மேலே வராது. ஒருமுறை ஆழ உழுது விதையைக் கீழே தள்ளுங்கள். அடுத்த வருடமும் ஆழ உழுதால் புதைத்ததையே தோண்டி மேலே கொண்டுவருவீர்கள். அதனால் அப்போது மேலோட்டமாக மட்டும் கிளறி, வைக்கோல் மூடாக்குப் போடுங்கள்.